எண்ணூர்க் கழிமுகத்தில் கொடுவாத் தூண்டில்

கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில் வலைக்கு மட்டுமன்றித் தூண்டிலுக்கும் உரிய மீன் கொடுவா. ஓடும் இரையைத் துரத்திப் பிடிப்பது அதன் இயல்பு. ஆகையால் முள்ளில் சிறு மடவையையோ இறாலையோ உயிருடன் கோத்து விடுகின்றனர். சுருள் பொருத்திய கோல் உடையோர் இரைக்குப் பதிலாக, நீரில் சுழலும் பளபளப்பான தகட்டை நரம்பில் கட்டி வீசி இழுக்கின்றனர். அடிபட்ட சிறுமீனென எண்ணிக் கொடுவா அதனைக் கவ்வும். விரைந்து சுற்றுவதால் பயனில்லை. இடையிடையே நிறுத்திச் சுற்ற வேண்டும். நீர் ஏறி இறங்கத் திரும்பும் வேளை நல்லது.

இம்மீனிடம் வியப்பான ஓர் இயற்கை உண்டு. பெரும்பாலானவை முதலில் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்தே பெண்ணாக மாறுகின்றன. பெரிய மீன் எனில் முட்டையிடும் தாய் என்றே கொள்ளலாம். குஞ்சையும் தாயையும் ஒருங்கே பிடித்துவிட்டால் மறு ஆண்டுக்கு மீன் ஏது? ஆகவே கையளவுக் குஞ்சுகளை நீரிலேயே விட்டுவிட வேண்டுகிறோம். உவர்நீர்க் குளம் வைத்திருக்கும் விவசாயிகள் குஞ்சுக்காகக் கழிமுகத்தை நம்பவும் வேண்டுவதில்லை; சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-இல் கொடுவாவைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்வித்தது. குளத்தில் பெரியது சிறியதை விழுங்குமாதலால், அளவு பிரித்து விடுவது அவசியம்.

2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவிப் படகும் வலையும் பாழாயின. அது கண்ணுக்குத் தெரிந்த கேடு. முகத்துவாரம் மணலால் தூர்வது சத்தமின்றி நிகழ்கிறது. அது அடைபட்டால் கடலில் பிறந்த குஞ்சுகள் உள்ளே வர வழியில்லை. மீஞ்சூர் வட்டார ஊராட்சி உறுப்பினர்கள் வாய் குறுகும் நாளைக் குறித்து, மீன்வளத் துறைக்கு உடனே எழுதுவார்களாக.