எடிஸ்டோன்: கடல் நடுவே இறுகிய சுண்ணாம்பு

இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தெற்கே, ஆழ்கடலிலிருந்து திடீரென எழும் எடிஸ்டோன் பாறைகள், ஓதம் உயரும்போது பெரும்பாலும் நீருக்குள் மறைந்துவிடுவதாலும், ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழையும் கப்பல்களின் வழியருகே அமைந்திருப்பதாலும், பல நூற்றாண்டுகள் மாலுமிகளுக்குப் பேரச்சமாக விளங்கின. அலை நேராக வந்து மோதும் இப்பாறைகளின் மீது இதுவரை நான்கு கலங்கரை விளக்கங்கள் எழுப்பப்பட்டுள்ளன. அவற்றுள் மூன்றாவதாகிய ஜான் ஸ்மீட்டனின் கோபுரமே, கட்டுமான அறிவியலின் வரலாற்றில் மற்ற மூன்றையும்விட உயர்ந்த இடத்துக்குரியது.

ஹென்றி வின்ஸ்டான்லி என்பவர் கட்டி 1698இல் ஒளியேற்றிய முதல் விளக்கம், 1703 நவம்பரில் வீசிய பெரும்புயலில், அன்றிரவு அங்கே தங்கியிருந்த அவரையும் சேர்த்துக்கொண்டு சுவடின்றிப் போயிற்று. அடுத்து, பட்டு வணிகரான ஜான் ரட்யர்டு, கப்பல் தச்சர்களின் துணையுடன் கூம்பு வடிவில் எழுப்பி 1709இல் நிறைவு செய்த மரக்கோபுரம், அலைகளுக்கு 46 ஆண்டுகள் ஈடுகொடுத்தபோதிலும், 1755 டிசம்பரில் உச்சியிலிருந்த விளக்கறையில் பற்றிய தீயால் அழிந்தது. காற்றையும் நெருப்பையும் ஒருங்கே தாங்கக்கூடிய கட்டடம் முழுக்கக் கல்லாலேயே அமைய வேண்டும் என்பது இவ்விரு இழப்புகளாலும் தெளிவாயிற்று.

அப்பணி, ராயல் சொசைட்டியின் பரிந்துரைப்படி, அறிவியல் கருவிகள் செய்வதில் தேர்ந்தவரான ஸ்மீட்டனிடம் ஒப்படைக்கப்பட்டது. புயலில் வேரோடு சாயாமல் நிற்கும் ஓக் மரத்தை மனத்தில் கொண்டு, அடியில் அகன்று, உள்நோக்கி வளைந்து ஒடுங்கி மேலெழும் வடிவத்தை அவர் வகுத்தார். எடையின் பெரும்பகுதி அடியிலேயே தங்குவதால், அலையின் உந்துதல் கோபுரத்தைக் கவிழ்ப்பது அரிதாகிறது. சரிந்து கிடந்த பாறையைப் படிப்படியாக வெட்டி, முதற்கற்களை அப்படிகளிலேயே பூட்டினார். ஒவ்வொரு கல்லும் கழுத்துச் சிறுத்து முனை விரிந்த வடிவில் செதுக்கப்பட்டு அடுத்த கல்லின் பள்ளத்துக்குள் செருகப்பட்டதால், தன் வரிசையிலிருந்து எக்கல்லையும் தனியே பக்கவாட்டில் உருவ இயலாது. மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று நழுவாதிருக்க, இடையே சலவைக்கல் முளைகள் பொருத்தப்பட்டன. வெளிப்புறத்துக்குக் கருங்கல்லும் உட்புறத்துக்குச் செதுக்க எளிதான போர்ட்லாண்ட் கல்லும் தேர்ந்தெடுக்கப்பட்டன. பாறையின் மீது கிடைக்கும் வேலை நேரம் ஓதத்தையும் வானிலையையும் பொறுத்தது என்பதால், கற்களைக் கரையிலேயே ஒருமுறை அடுக்கிச் சரிபார்த்த பின்னரே கடலுக்கு அனுப்பினர்.

கற்களைப் பூட்டுவதைவிடக் கடினமான சிக்கல் சாந்தில் இருந்தது. சாதாரணச் சுண்ணாம்புச் சாந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கியே இறுகுவதால், நீருக்குள் அது கெட்டிப்படுவதில்லை. அடுத்த ஓதத்திலேயே கரைந்து போய்விடும். கல் எவ்வளவு கடினமானதோ அவ்வளவு உறுதியான சுண்ணாம்பு கிடைக்கும் என்பது பழங்கால ரோமானியர் தொட்டு நிலவிய நம்பிக்கை. ஸ்மீட்டன் 1756இல் பல ஊர்ச் சுண்ணாம்புக் கற்களைச் சுட்டு ஒப்பிட்டு, அந்நம்பிக்கைக்கு அடிப்படையில்லை எனக் கண்டார். நைட்ரிக் அமிலத்தில் கரைத்தபோது எந்தக் கல் அடியில் களிமண்ணை விட்டுச்சென்றதோ, அந்தக் கல்லின் சுண்ணாம்பே நீருக்குள் இறுகியது. காளவாயில் சுடும்போது களிமண்ணின் சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்புடன் கூடி, நீருடன் வினைபுரிந்து கெட்டிப்படும் சேர்மங்களாகின்றன என்னும் விளக்கத்தைப் பிற்கால வேதியியல் தந்தது. விளக்கம் பிறக்கும் முன்னரே உண்மையைச் சோதனையால் எட்டிய அவருடைய முறையே வியப்புக்குரியது. வேல்ஸின் அபர்தா சுண்ணாம்பையும், இத்தாலியிலிருந்து வந்த போஸோலானா என்னும் எரிமலை மண்ணையும் சம அளவில் கலந்து அவர் சாந்து தயாரித்தார். 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு இட்டுச்சென்ற ஆராய்ச்சிப் பாதையில், இச்சோதனைகள் முக்கியமானதொரு தொடக்கம்.

ஏறத்தாழ 22 மீட்டர் உயரமுள்ள அக்கோபுரத்தில் 1759 அக்டோபர் 16 அன்று 24 மெழுகுவத்திகள் ஏற்றப்பட்டன. கட்டடத்தின் சிறப்போடு ஒப்பிட்டால் அந்த ஒளி மிகவும் எளியதே. பிரதிபலிப்பான்களுடன் கூடிய எண்ணெய் விளக்குகள் 1810இல்தான் வந்தன. ஸ்காட்லாந்தின் பெல் ராக் விளக்கம் முதலாகப் பின்னர் கடற்பாறைகளில் எழுந்த கோபுரங்கள் பலவும் ஸ்மீட்டனின் வளைவையும் பூட்டுக் கற்களையும் முன்மாதிரியாகக் கொண்டன.

1870களில் பெரிய அலைகள் மோதும்போது கோபுரம் அதிரத் தொடங்கியது. ஆராய்ந்தபோது, கட்டுமானத்தில் குறையில்லை என்பதும், அதைத் தாங்கிய பாறையின் அடியைக் கடல் அரித்துவிட்டது என்பதும் தெரியவந்தன. எனவே அருகிலுள்ள வேறொரு பாறையில் ஜேம்ஸ் டக்ளஸ் புதிய விளக்கத்தைக் கட்டி 1882இல் ஒளியேற்ற, பழைய கோபுரத்தின் மேற்பகுதி கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, பிளிமத் நகரின் கடலோர மேட்டில் மீண்டும் எழுப்பப்பட்டது. பிரிக்க இயலாத அளவு இறுகியிருந்த அடிப்பகுதி பாறையின் மீதே விடப்பட்டது.

டக்ளஸ் தம் முன்னோடியான ஸ்மீட்டனைப் போற்றியபோதிலும் அப்படியே பின்பற்றவில்லை. அடியிலிருந்தே தொடங்கும் வளைவு அலையை உடைப்பதற்கு மாறாக அதை ஏறவிட்டு விளக்கறை வரை நீரை வீசுகிறது என்பதைக் கண்டு, சுமார் 49 மீட்டர் உயரமுள்ள தம் கோபுரத்துக்குச் செங்குத்தான உருளை வடிவ அடித்தளம் அமைத்து, கற்களைப் பக்கவாட்டில் மட்டுமன்றி மேலும் கீழுமாகவும் பூட்டினார்.