ஓடும் முயலும் நிலைத்த வாத்தும்

இலங்கையின் மிக உயர்ந்த முடி பீதுருதாலகால. நுவரெலியா நகருக்கு மேலே 2,524 மீட்டர் உயரத்தில் நிற்கும் அம்முடியிலிருந்தே, 1982 பெப்ரவரியில் தொடங்கிய ரூபவாஹினித் தொலைக்காட்சியின் அலைகள் தீவின் பெரும்பகுதிக்கும் பரவின. புவி உருண்டையாதலின், அவ்வளவு உயரத்திலிருந்து நோக்குவார்க்குத் தொடுவானம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில் அமையும். தொலைக்காட்சி அலையோ வளிமண்டலத்தில் சற்றே வளைந்து இன்னும் அப்பால் செல்லும். ஆயினும் மலைக்கு நிழல் உண்டு. முகடுகளின் மறைவில் அமைந்த தோட்டங்களில், கோபுரம் அண்மையில் இருந்தும் அலை தடைப்படும். லயத்துக் கூரைமேல் ஏறி அன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பின்னரே அங்கே படம் தெளியும்.

அவ்வாறு தெளிந்த படங்களுள் ஒரு முயலும் இருந்தது. 1940இல் அமெரிக்கத் திரையில் தோன்றிய பக்ஸ் பன்னியை டைட்டஸ் தொட்டவத்த சிங்களம் பேசவைத்து, ‘ஹா ஹா ஹரி ஹாவா’ ஆக்கினார். அதன் ஒவ்வொரு கதையும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். திரை முடித்த இடத்திலிருந்து கதையை மேலே நடத்துவன படக்கதை நூல்கள். இம்முயல் 1941இலேயே தாளுக்கு வந்துவிட்டது.

திரையின் மிச்சத்தை அச்சிட்டு விற்கும் வணிகம் என்று இதனை ஒதுக்குவார் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாளுக்கு வந்ததும் அவ்விலங்கின் இயல்பே மாறிவிடுகிறது. மாற்றுவது நம் மூளை.

திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் அசையாப் படமே. அடுத்தடுத்து விரைந்து தோன்றும் அவற்றை மூளை ஒரே இயக்கமாகக் கோத்துக்கொள்கிறது. இதனை உளவியலறிஞர் மாக்ஸ் வெர்த்தைமர் 1912இல் ஆராய்ந்து காட்டினார். அக்கோப்பு நம்மைக் கேளாமலே நிகழ்கிறது. படக்கதையில் நிலைமை வேறு. ஒரு கட்டத்தில் வாத்து ஏணியில் ஏறுகிறது. அடுத்த கட்டத்தில் அதன் தலையில் கட்டு. இடையில் விரற்கடை அகலமும் இல்லாத வெற்றிடம். வாத்து விழுந்ததை எவரும் வரையவில்லை, வாசிப்பவரே விழவைத்தார். வேண்டுமானால் முன்பக்கம் திரும்பி இன்னொரு முறையும் விழவைக்கலாம்.

இவ்வெற்றிடத்தை நன்கு அறிந்தவர் கார்ல் பார்க்ஸ். டிஸ்னி நிறுவனத்தில் கதைப்பிரிவில் இருந்தவர்; 1942இல் அதைவிட்டு நீங்கிக் கலிபோர்னியாவில் கோழிப்பண்ணை வைத்தார். கோழி வளர்த்தவருக்குப் பெயர் வாங்கித் தந்தது வாத்து. திரையில் டொனால்ட் டக் பேசுவது பாதி விளங்காது. கதையோ கோபத்தில் தொடங்கிக் கோபத்தில் முடியும். மாதந்தோறும் பத்துப் பக்கம் கிடைத்ததும் பார்க்ஸ் அவ்வாத்துக்குத் தெளிந்த பேச்சையும் ஊரையும் அளித்தார். 1947இல் ஸ்குரூஜ் என்னும் கஞ்ச மாமனையும் படைத்தார்.

1944இல் வெளிவந்த அவருடைய கதையொன்றில், தலையில் அடிபட்ட டொனால்ட் வேதியியலறிஞனாகி, CH2 என்னும் பொருளைக் கலந்து சோதனை செய்ய முனைகிறது. அது மெதிலீன். நான்கு பிணைப்புக்கு உரிய காபன் இரண்டே ஐதரசனைப் பற்றி நிற்பதால், தோன்றியவுடன் எதிர்ப்பட்டதோடு வினைபுரிந்து மறைந்துவிடும். அதன் நிறமாலையை ஹெர்ஸ்பெர்க் பதிவுசெய்தது 1959இல்தான். 1964இல் இத்தகைய பொருள்கள் பற்றி எழுதிய கஸ்பார், ஹம்மண்ட் என்னும் அறிஞர் இருவர், எவரும் செய்து பாராத சோதனை என்று வாத்தின் யோசனையைக் குறும்பாகச் சுட்டினர். வாத்து கண்டுபிடித்தது என்பது மிகை. அக்கருத்து அதற்கு முன்பே வேதியியலாரிடம் இருந்தது. நகைப்புக்காக எழுதிய வரி ஆய்வுநூலில் இடம்பெற்றது என்பதே என்னைக் கவர்கிறது.

இத்தகைய படவிலங்குகளின் உருவமும் நிலையாக நிற்பதில்லை. மிக்கி எலியின் பல்லாண்டுப் படங்களை அளந்த உயிரியலறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட், தலையின் நீளத்தில் 27 விழுக்காடாக இருந்த கண் 42 விழுக்காடாக வளர்ந்தது என 1979இல் எழுதினார். உடலோடு ஒப்பிடத் தலையும் பெருத்தது. பெரிய கண்ணும் உருண்ட நெற்றியும் குழந்தைக்குரிய குறிகள். அவற்றைக் கண்டால் மனிதருக்குப் பரிவு பிறக்கும் என்று விலங்கு நடத்தையறிஞர் கொன்ராட் லோரன்ஸ் 1943இல் கூறியிருந்தார். எலி குறும்பைக் கைவிட்டு நல்ல பிள்ளையானபோது, முகமும் பிள்ளை முகமாயிற்று.

இவ்விதியை மலையகத்துக் காட்டில் வைத்துப் பார்த்தால் ஒரு சிக்கல் எழும். ஹோர்ட்டன் சமவெளித் தேவாங்குக்கு முகத்தை நிறைத்த கண்கள். லோரன்ஸ் சொன்னபடி அது நம் செல்லப்பிள்ளையாக இருந்திருக்க வேண்டும். நாமோ மெலிந்தவரை இகழத் ‘தேவாங்கு’ என்கிறோம். அக்கண்கள் குழந்தைமையால் பெருத்தவையல்ல. இரவாடி விலங்காதலின் மங்கிய ஒளியைச் சேர்க்கப் பெருத்தவை. விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் எஞ்சிய ஒளியையும் திருப்பி அனுப்பும். தேயிலைக்காக மேட்டுநிலக் காடுகள் அழிந்தபின் இவ்வினம் மிக அரிதாயிற்று. அதன் முதல் நிழற்படங்கள் 2010இல்தான் உலகுக்கு வெளியாயின.

இதன் கதையை எவரேனும் வரைய முனைந்தால் தாளையே தேர்ந்துகொள்ளட்டும். தேவாங்கு தாவுவதில்லை, கிளையைப் பற்றிப் பற்றி ஓசையின்றி நகரும், அரவம் கேட்டால் அப்படியே உறைந்து நிற்கும். அந்நிற்றலுக்கு நொடிக்கு 24 சட்டகம் எதற்கு? இரண்டு கட்டமும் அவற்றிடையே ஓர் இடைவெளியும் போதும்.