ஓடுகிற பக்கத்தில் ஒரு புதுப் பெட்டி
வலையின் உள்ளே – 17

சென்ற வாரம் ஓர் இணையதளத்தை சர்வரில் ஏற்றி 'லைவ்' ஆக்குவதோடு நிறுத்தியிருந்தோம். வேலை அத்துடன் முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் லைவ் ஆன மறுவாரமே, "இதோடு இன்னொன்றும் வேண்டுமே" என்று கேட்டு யாராவது வந்து நிற்பார். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தைக் கெடுக்காமல் அந்தக் கோரிக்கையை எப்படி நிறைவேற்றுவது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

முடிச்சூரில் ஒரு குடியிருப்போர் நலச்சங்கம் கோடையில் ஒரு தளம் போட்டதாக வைத்துக்கொள்வோம். நிர்வாகிகள் பெயர், சந்தா விவரம், கூட்ட அறிவிப்பு, புகைப்படங்கள் என்று நாலே பக்கம். செய்துகொடுத்த பையன் வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டான். ஐப்பசி பிறக்கிறது. முகப்பில் அன்றைய மழை அளவைக் காட்டும் பெட்டி ஒன்று இருந்தால் தேவலை என்று சங்கத்துக்குத் தோன்றுகிறது. அந்தப் பக்கத்தில் இது அலங்காரத்துக்குக் கேட்பதல்ல. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில் 24 மணி நேரத்துக்குள் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். அடையாறு கரை மீறி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மக்களைப் படகில்தான் மீட்க வேண்டியிருந்தது. எத்தனை சென்டிமீட்டர் என்ற எண்ணுக்கு அங்கே இருப்பவர்கள் கொடுக்கும் மதிப்பே வேறு.

சங்கத்தார் வேறோர் ஆளைக் கூப்பிட்டால் அவர் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "பழைய கோடு சார், புதுசாகவே போட்டுவிடலாம்" என்பார். அவர் சொல்வதிலும் காரணம் இல்லாமல் இல்லை. எங்கிருந்தோ எடுத்த ஒரு பெட்டியின் ஹெச்டிஎம்எல்லையும் சிஎஸ்எஸ்ஸையும் பழைய பக்கத்தில் ஒட்டினால், பெட்டிக்கு எழுதிய ஸ்டைல் பக்கம் முழுவதும் பாயும். தலைப்புகள் நிறம் மாறும், மெனு சரிந்து இரண்டு வரியாகும். பக்கத்தின் பழைய ஸ்டைலும் பெட்டிக்குள் புகுந்து அதைக் கலைக்கும். சின்னச் சேர்க்கைக்குக்கூட முழுத் தளத்தையும் திரும்பக் கட்டும் செலவு இப்படித்தான் வந்து சேர்கிறது.

இதற்கு பிரௌசரிலேயே ஒரு தீர்வு இருக்கிறது. அதன் பெயர் வெப் காம்பொனென்ட். நமக்கு வேண்டிய டேக்கை நாமே உருவாக்கிக்கொள்ளலாம். பத்திக்கு ஒரு டேக், படத்துக்கு ஒரு டேக் இருப்பதுபோல மழை அளவுக்கும் ஒன்று. பெயரில் கட்டாயம் ஓர் இடைக்கோடு இருக்க வேண்டும். ஹெச்டிஎம்எல்லின் சொந்த டேக்குகளில் இடைக்கோடு வருவதில்லை என்பதால், நாளை புதிய டேக்குகள் எத்தனை வந்தாலும் நம் பெயரோடு மோதாது. பெயரின் முதல் எழுத்து ஆங்கிலச் சிறிய எழுத்தாக இருந்தால் போதும், மிச்சத்தைத் தமிழிலேயே எழுதலாம். 'மழை-அளவு' என்பதற்கு முன்னால் ஒரே ஓர் ஆங்கில எழுத்தைச் சேர்த்தால் பிரௌசர் அதை முறையான டேக்காக ஏற்றுக்கொள்ளும்.

லைவ் ஆன பக்கத்துக்கு இது ஏன் இவ்வளவு பொருந்துகிறது? தெரியாத டேக் ஒன்றைப் பார்த்தால் பிரௌசர் பிழை காட்டி நிற்பதில்லை. அதை ஒரு சாதாரண உறுப்பாக வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் எழுத்தை அப்படியே காட்டுகிறது. பிறகு எப்போதாவது ஒரு ஸ்கிரிப்ட் வந்து, 'இந்தப் பெயருள்ள டேக் இப்படி இயங்க வேண்டும்' என்று பதிவு செய்தால், பிரௌசர் பக்கத்தைத் தேடி, அந்தப் பெயரில் காத்திருக்கும் உறுப்புகளையெல்லாம் வரிசையாகப் புதிய உறுப்பாக மாற்றிவிடும். இதற்கு 'அப்கிரேட்' என்று பெயர். ஸ்கிரிப்ட் ஒரு நொடி கழித்து வந்தாலும் சரி, ஒரு நிமிடம் கழித்து வந்தாலும் சரி. ஏற்கெனவே திரையில் இருக்கும் பக்கம் அதற்காகத் தடுமாறாது.

சங்கத்தின் முகப்பில் இதைச் செய்து பார்ப்போம். மழைப் பெட்டிக்கான ஸ்கிரிப்ட்டைத் தனிக் கோப்பாக சர்வரில் ஏற்ற வேண்டும். முகப்புப் பக்கத்தில் அந்தக் கோப்பை அழைக்கும் ஒரு வரி, பெட்டி வர வேண்டிய இடத்தில் புதிய டேக், இவ்வளவுதான் மாற்றம். ஸ்கிரிப்ட்டை 'மாட்யூல்' வகையாக அழைத்தால் பக்கம் முழுவதும் படிக்கப்பட்ட பிறகே அது இயங்கும். சிக்னல் குறைந்த இடத்திலும் பக்கம் அதற்காக நின்று காத்திருக்காது. டேக்கின் உள்ளே வெறுமையாக விடாமல், 'மழை அளவு அறிய சங்க அலுவலகத்தை அழைக்கவும்' என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ஸ்கிரிப்ட் வந்தால் அந்த வரியின் இடத்தில் பெட்டி தோன்றும். வராவிட்டால் அந்த வரியே நிற்கும். மழை நாளில் நெட் திணறும்போது இந்த ஒரு வரிக்குப் பெரிய பயன் உண்டு. பெட்டிக்கான எண் வேறொரு சிறு கோப்பில் இருக்கும். வானிலை ஆய்வு மையம் வெளியிடும் அளவை சங்கத்தில் ஒருவர் அந்தக் கோப்பில் தினமும் பதிந்தால் போதும். அவருக்கு புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஸ்டைல் மோதலைத் தடுப்பது 'ஷேடோ டாம்' என்ற ஏற்பாடு. பெட்டியின் உள்ளமைப்பு பக்கத்திலிருந்து ஒரு வேலிக்குள் பிரிந்து நிற்கிறது. உள்ளே எழுதிய ஸ்டைல் வெளியே வராது, வெளியே எழுதியது உள்ளே போகாது. ஆனால் எழுத்துருவும் எழுத்தின் நிறமும் மரபாக இறங்கும் பண்புகள் என்பதால் வேலியைத் தாண்டி உள்ளே வரும். தமிழ்த் தளம் நடத்துபவர்களுக்கு இது நல்ல செய்தி. பக்கத்துக்குத் தேர்ந்தெடுத்த தமிழ் எழுத்துருவே பெட்டியிலும் தெரியும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: எழுத்துருக் கோப்பை அறிவிக்கும் வரி முதன்மைப் பக்கத்தின் சிஎஸ்எஸ்ஸில் இருக்க வேண்டும். வேலிக்கு உள்ளே எழுதினால் பிரௌசர் அதைக் கண்டுகொள்ளாது.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2011-ல் கூகுளின் அலெக்ஸ் ரஸல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஒரு மாநாட்டில் வெப் காம்பொனென்ட் என்ற யோசனையை முன்வைத்தார். இன்றைய வடிவம் 2016-ல் குரோமிலும், 2017-ல் சஃபாரியிலும், 2018-ல் ஃபயர்ஃபாக்ஸிலும், 2020-ல் மைக்ரோசாஃப்ட் எட்ஜிலும் இடம்பெற்றது. போட்டி நிறுவனங்கள் ஒரே விதிக்கு இணங்கிவர ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆயின. இன்று அது எந்த ஒரு நிறுவனத்தின் சொத்தும் அல்ல.

இதன் பயன்பாட்டைப் பார்க்க நாம் தென்சென்னையைத் தாண்ட வேண்டியதில்லை. 2010-ல் கீழ்க்கட்டளையில் ஒரு சிறிய இடத்தில் கிரிஷ் மாத்ருபூதமும் ஷண் கிருஷ்ணசாமியும் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், இன்றைய ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டது. வாடிக்கையாளர் சேவைக்கான அதன் பக்கங்களில் வெளியார் எழுதும் சிறு செயலிகளும் வந்து உட்கார வேண்டும். யாரோ எழுதிய செயலியின் பட்டனும் படிவமும் அந்தப் பக்கத்தோடு ஒன்றிப்போக என்ன வழி? அவர்கள் உருவாக்கி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் 'க்ரேயான்ஸ்' என்ற தொகுப்பு முழுவதும் வெப் காம்பொனென்ட்களால் ஆனது. பட்டன், உள்ளீட்டுப் பெட்டி, தேர்வுப் பட்டியல் என்று ஒவ்வொன்றுக்கும் இடைக்கோடு போட்ட தனி டேக். ரியாக்ட்டில் எழுதுபவரும் பயன்படுத்தலாம், வெறும் ஹெச்டிஎம்எல் எழுதுபவரும் பயன்படுத்தலாம்.

அதேபோல, 1996-ல் தாம்பரத்தில் ஒரு சின்ன அடுக்ககத்தில் தொடங்கி, இன்று கூடுவாஞ்சேரிக்கு அருகே ஜிஎஸ்டி சாலையில் தலைமையகம் வைத்திருக்கும் ஸோஹோவின் சேல்ஸ்ஐக்யூவைப் பாருங்கள். ஏற்கெனவே ஓடும் எந்தத் தளத்திலும் சில வரி ஸ்கிரிப்ட்டை ஒட்டினால் மூலையில் உரையாடல் பெட்டி வந்துவிடும். லைவ் ஆன பக்கத்தில் பின்னால் சேர்ப்பது என்பதை இந்தப் பகுதி நிறுவனங்கள் உலகத்துக்கே விற்கும் தொழிலாக்கியிருக்கின்றன.

இனி எச்சரிக்கை. பிறர் சர்வரிலிருந்து வரும் ஸ்கிரிப்ட்டை நம் பக்கத்தில் சேர்ப்பது, வீட்டுச் சாவியை அவர்களிடம் கொடுப்பதற்குச் சமம். ஷேடோ டாம் ஸ்டைலைத்தான் தடுக்கும், ஸ்கிரிப்ட்டைத் தடுக்காது. 2018 பிப்ரவரியில் 'ப்ரௌஸ்அலவுட்' என்ற, பக்கத்தை வாசித்துக் காட்டும் கருவியின் ஸ்கிரிப்ட்டுக்குள் யாரோ கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலைப் புகுத்திவிட்டார்கள். அதைச் சேர்த்திருந்த 4,000-க்கும் மேற்பட்ட தளங்களைத் திறந்தவர்களின் கணினிகள் தெரியாமலேயே யாருக்கோ உழைத்தன. அவற்றில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகத் தளமும் ஒன்று. 'பாலிஃபில்.ஐஓ' என்ற முகவரி கைமாறிய பிறகு, அதிலிருந்து ஸ்கிரிப்ட் எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் இதேபோன்ற ஆபத்துக்கு உள்ளானது 2024 ஜூனில் தெரியவந்தது.

தற்காப்புக்கு மூன்று பழக்கங்கள் போதும். முடிந்தவரை ஸ்கிரிப்ட் கோப்பை நம் சர்வரிலேயே வையுங்கள். வெளியிலிருந்து எடுத்தே தீர வேண்டும் என்றால், பதிப்பு எண்ணை நிலையாகக் குறிப்பிட்டு, 'இன்டெக்ரிட்டி' குறியீட்டையும் சேருங்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் பிரௌசர் அதை இயக்க மறுத்துவிடும். எதையும் முதலில் முகப்பின் நகலில் சேர்த்து, சாதாரண ஆண்ட்ராய்டு போனில் பார்த்த பிறகே உண்மையான முகப்பில் வையுங்கள். பிறகு ஸ்கிரிப்ட்டைத் திருத்தினால் கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண்ணை மாற்றுங்கள். இல்லையென்றால் வாசகரின் பிரௌசர் சேமித்து வைத்திருக்கும் பழைய கோப்பையே காட்டிக்கொண்டிருக்கும்.

தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் பக்கத்துக் கல்லூரிகளில் கணினி படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஃப்ரேம்வொர்க் கற்றுக்கொள்ளுங்கள், வேலைக்கு அது தேவை. அதற்கு முன்னால் பிரௌசர் தானாகவே என்னவெல்லாம் செய்யும் என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஃப்ரேம்வொர்க்குகள் சில ஆண்டுகளில் மாறும். பிரௌசரின் விதிகள் நிலைக்கும். கற்றதும் உங்கள் தெருச் சங்கத்தின் தளத்தையோ படித்த பள்ளியின் தளத்தையோ திறந்து பாருங்கள். அதை இடித்துக் கட்ட வேண்டாம். அங்கே மக்களுக்கு உண்மையில் தேவைப்படும் ஒரு பெட்டியை, இந்த வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் சேர்த்துக் கொடுங்கள்.

(தொடரும்)