தறியை அறுத்த தாய்

பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓசை கேட்காத தெரு அபூர்வம். அந்த ஓசைக்கு நடுவே, பள்ளிக்குப் போகாமல் ஊர் சுற்றும் பையனைத் தாய் ஏசுகிறாள்: "ஏண்டா இப்படித் தறிகெட்டுத் திரியறே?" இந்த ஏச்சில் வரும் தறி எது? நெசவாளியைக் கேட்டால், "நெசவுத்தறிதானுங்க" என்பார். தறி போனால் மனிதன் அலைய வேண்டியதுதானே!

தறியை வைத்தே பிள்ளையைத் திருத்திய கதை சீன தேசத்தில் இருக்கிறது. "துவான் ஜீ ஜியாவ் ட்சு" என்று நான்கே எழுத்தில் அமைந்த வழக்கு அது. தறியை அறுத்து மகனுக்குப் புத்தி புகட்டுதல் என்பது பொருள். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மென்சியஸ் என்னும் ஞானியின் இளமையைப் பற்றியது. கி.மு. முதல் நூற்றாண்டில் லியு சியாங் தொகுத்த பெண்டிர் வரலாற்று நூலில் இக்கதை காணப்படுகிறது.

மகனுக்கு நல்ல அக்கம்பக்கம் வேண்டுமென்று மூன்று இடங்களில் குடியிருந்து பார்த்தவள் அந்தத் தாய். ஒருநாள் பையன் பாடசாலையிலிருந்து வந்தான். படிப்பு எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டாள். எப்போதும்போலத்தான் என்றான் அலட்சியமாக. அவள் கத்தியை எடுத்து, நெய்துகொண்டிருந்த துணியைக் குறுக்கே அறுத்துவிட்டாள். பையன் நடுங்கிப்போனான். நீ படிப்பை விடுவதும் நான் இதை அறுத்ததும் ஒன்றே என்றாளாம்.

இக்கதையின் வலி புலவரைவிட நெசவாளிக்கே நன்கு விளங்கும். பாவில் ஓரிழை அறுந்தாலே தறியை நிறுத்திப் பிணைக்க வேண்டும். அத்தனை இழையும் அறுந்தால்? பாதிச் சேலையை யார் வாங்குவார்? அவள் அறுத்தது அன்றைய கூலியை.

ஆனால் நம் "தறிகெட்டு" நெசவுக் கூடத்தில் பிறந்ததாகத் தோன்றவில்லை. தறி என்பதற்கு நட்ட கட்டை, முளை என்ற பொருளும் உண்டு. திருவாரூர்ப் பக்கம் கன்றாப்பூர்ச் சிவபெருமானுக்கு நடுதறியப்பர் என்றே திருநாமம். மாடு கட்டும் முளையையே இலிங்கமாக எண்ணி ஒரு பெண் வழிபட்டாள் என்பது தலபுராணம். 7-ஆம் நூற்றாண்டு அப்பர் பாடிய தலம் அது. கம்பன் வீட்டில் கவி பாடும் கட்டுத்தறியும் இம்மாதிரி முளைதான். நெசவுத்தறி என்று எண்ணுவோர் பலர்.

ஆகவே தறிகெட்டவன், கட்டிய முளையை விட்டு ஓடிய மாடு! காங்கயம் காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரத்தைத் தறித்து நட்டதால் தறி. குழித்தறியும் அப்படி நட்ட கால்களின் மேல் நிற்பதுதான்.

திருப்பூர்ப் பனியன் துணிக்குத் தறியே கிடையாது. வட்ட இயந்திரத்தில் பின்னுகிறார்கள். அந்த வீட்டுத் தாயும் மகனை ஏசும்போது இதே சொல்லைத்தான் எடுக்கிறாள்.