உக்கும் இலையும் வனத்தின் வளமும்

பிலிமத்தலாவையிலிருந்து பேராதனை வழியாகக் கண்டிக்குச் செல்வோர், தலதா மாளிகைக்குப் பின்னே உயர்ந்து நிற்கும் உடவத்தைகெலே வனத்தைக் காண்பர். 1938ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்ட அவ்வனம் ஏறத்தாழ 104 எக்டேயர் பரப்புடையது. ஆண்டு முழுவதும் அங்கே இலை உதிர்கின்றது, கொப்பு முறிகின்றது, முதுமரங்கள் சாய்கின்றன. எனினும் சருகு மலைபோற் குவிவதில்லை. விழுந்தவை யாவும் எங்கே போயின?

விடை சருகின் கீழே உளது. முதன் மழையிலேயே இலையிலுள்ள சர்க்கரைகளும், சிறப்பாகப் பொற்றாசியம் முதலிய உப்புக்களும் கழுவப்பட்டு மண்ணைச் சேர்கின்றன. பின்னர் மரவட்டையும் மண்புழுவும் கறையானும் இலையைத் துணிக்கைகளாக்குகின்றன. துணிக்கை சிறிதாகுந்தோறும் பங்கசுக்களும் பற்றீரியாக்களும் பற்றுதற்குரிய மேற்பரப்பு மிகுகின்றது. செலுலோசு விரைவில் அழியும். மரத்துக்கு வன்மை தரும் இலிக்கினினோ எளிதில் மசியாது. அதனை முற்றாகச் சிதைக்கவல்லன பெரும்பாலும் வெண்ணழுகற் பங்கசுக்களே.

கறையானை நாம் வீட்டுப் பகையாகவே அறிவோம். ஆயின் புற்றுக்கட்டுங் கறையான்களுட் பல, கைதேர்ந்த கமக்காரருமாம். உண்டு கழித்த மரத்துகளால் புற்றினுள்ளே தேனடை போன்ற பாத்திகளமைத்து, அவற்றில் ஒருவகைப் பங்கசினை வளர்க்கின்றன. அப்பங்கசு இலிக்கினினைச் சிதைத்தபின், அப்பாத்தியையே உண்கின்றன. மழைக்குப் பின் புற்றின்மேல் முளைத்து, நம் வீடுகளிற் கறியாகும் காளான் அப்பயிரின் வெளித்தோற்றமே.

வெப்பமும் ஈரமும் இவ்வேலையை விரைவுபடுத்துகின்றன. 2,000 மீற்றருக்கு மேலுள்ள குளிர்ந்த ஓட்டன் சமவெளியில் அழுகல் மெதுவாக நிகழ்தலின், கரிய உக்கல் தடித்த படையாகத் தேங்குகின்றது. தாழ்ந்த ஈரக்காடுகளிலோ மெல்லிலை பெரும்பாலும் ஓராண்டிற்குள் மறைந்துவிடும். விடுபட்ட உணவைச் சருகோடு பின்னிக்கிடக்கும் நுண்வேர்களும் வேர்ப்பங்கசுக்களும் உடனே கவர்ந்துகொள்ளும். ஆதலின் இக்காடுகளின் செல்வத்திற் பெரும்பகுதி மண்ணின் ஆழத்தில் அன்று, மரத்திலும் சருகிலுமே இருக்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கண்டி மலைகளிற் கோப்பிக்காகக் காட்டை வெட்டி எரித்தோர் இதனை எண்ணிலர். சாம்பல் சிலகாலம் விளைவு தந்தது. மழை மேன்மண்ணைக் கொண்டுசென்றது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோயே கோப்பியை அழித்ததென்பர். அது மெய்யே, ஆயினும், இழந்த மண்ணைப் பின்வந்த தேயிலையும் மீட்டுத் தரவில்லை.

பலாவும் கமுகும் கராம்பும் அடுக்கடுக்காய் நிற்கும் நம்மூர் வீட்டுத்தோட்டங்கள் காட்டின் சிறுபடிவங்களே. அங்கே சருகைக் கூட்டி எரிப்பவர், அதன் நைதரசனிற் பெரும்பகுதியைப் புகையோடு போக்குகின்றனர். எரியாது மரத்தடியில் இட்டால், நைதரசன் மிகுந்த சீமைக்கிளுவையிலை சில கிழமைகளில் உக்கிவிடும்; தடித்த பலாவிலை பல மாதங்கள் கிடந்து மண்ணை மழையினின்று காக்கும்.