யாருக்காக இந்த இன்ஷூரன்ஸ்?

தொல்லியல் துறையினர் 2022-ஆம் ஆண்டில் அகழ்ந்து கற்காலக் கருவிகளை வெளிக்கொணர்ந்த வடக்குப்பட்டுக் கிராமத்திலிருந்து ஒரகடம் பக்கமாகப் புறப்பட்டால், காரும் லாரியும் புல்லட்டும் உருவாகி வெளிவரும் ஆலைகளின் மதிற்சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருக்கும். அந்த வாகனங்களைத் தம் கையாலேயே பூட்டி அனுப்பும் தொழிலாளரை, ஷிப்டு முடிந்து வரும் வேளையில் நிறுத்தி, வண்டிக்கு இன்ஷூரன்ஸ் உண்டா என்று கேட்டால், "தேர்டு பார்ட்டி போட்டாச்சு சார்" என்று தைரியமாகப் பதில் வரும். அந்தத் தைரியத்தில் பாதிதான் நியாயமானது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு, பொது இடத்தில் ஓடும் எந்த வாகனமும் பிறருக்கு விளையக்கூடிய நஷ்டத்திற்கு இன்ஷூரன்ஸ் பெற்றிருக்க வேண்டுமென்று விதிக்கிறது. இங்கிலாந்தில் 1930-இல் ஏற்பட்ட இந்த ஏற்பாட்டை நம் தேசத்துக்கு 1939-ஆம் ஆண்டுச் சட்டம் கொணர்ந்தது. எனினும் இன்ஷூரன்ஸ் பற்றிய அதன் அத்தியாயம் 1946 ஜூலை 1 முதலே அமலுக்கு வந்தது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் குறைந்தபட்சத் தொகை வேறுபடும். கலிபோர்னியாவில் 2025 முதல் ஒருவரது உடற்காயத்துக்கோ மரணத்துக்கோ 30,000 டாலர் என்பதே கட்டாயமான அளவு. இங்கோ மரணத்துக்கும் காயத்துக்கும் உச்சவரம்பே கிடையாது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் தொகையைக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். பிறர் சொத்துக்கு நேரும் சேதத்துக்கு மட்டும், காரானால் வழக்கமாக 7.5 லட்ச ரூபாய் என்று பாலிசியில் எல்லை கட்டியிருப்பார்கள். ஆகவே தெருவில் நடந்து செல்லும் அந்நியனைக் காப்பதில் நம் சட்டம் அமெரிக்கச் சட்டங்களைக் காட்டிலும் தாராளமானது என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் அந்த அந்நியனுக்கு இருக்கும் பாதுகாப்பு வண்டிக்குள் இருப்பவனுக்கு இருக்கிறதா என்பதே கேள்வி. பாலிசிக் காகிதத்தில் பிரீமியக் கட்டம் என்று ஒன்று உண்டு. அதில் ‘பேசிக் டி.பி.’ (தேர்டு பார்ட்டி) என்ற வரிக்கு எதிரே ஒரு தொகையும், உரிமையாளரே ஓட்டினால் அவருக்கு 15 லட்ச ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்புக்கு ஒரு தொகையும், சம்பள டிரைவருக்கென்று 50 ரூபாயும் போட்டிருக்கும். பின்சீட்டில் அமரும் மனைவிக்கோ காரில் உடன் வரும் தம்பிக்கோ தனியே கேட்டு வாங்கினாலொழிய அங்கே வரியே இராது. பின்சீட்டில் வருபவர், சட்டம் கட்டாயமாக்கிய அளவுக்கு மட்டும் எடுக்கும் ‘ஆக்ட் பாலிசி’க்குள் அடங்கார் என்று 2006-இலும், இரவல் வண்டியை ஓட்டிச் சென்று மாண்டவர் உரிமையாளரின் ஸ்தானத்திலேயே நிற்பதால் அவர் குடும்பம் பிறருக்குரிய இழப்பீட்டைக் கோர முடியாது என்று 2009-இலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரே அறையில் நான்கு பேர் தங்கி, ஒரே பைக்கை மாற்றி மாற்றி எடுத்துப் போகும் இந்த வட்டாரத்தில், இந்தத் தீர்ப்பை அறிந்தவர் எத்தனை பேர் இருப்பார்களோ! சரக்கு வண்டியின் மேல் ஓசியில் ஏறி வருபவருக்கும் 2002-லேயே கதவு சாத்தியாயிற்று.

இந்தக் குறையைப் போக்கவே 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு முயற்சி நடந்தது. காரில் பயணித்து இறந்தவரின் குடும்பத்துக்குத் தீர்ப்பாயம் வழங்கிய தொகையை, அது வெறும் ‘ஆக்ட் பாலிசி’ என்ற காரணத்தால் ரத்து செய்ய நேர்ந்த நீதிபதி எஸ். வைத்தியநாதன், செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் புதிய வாகனங்களுக்கு டிரைவர், பயணிகள், உரிமையாளர் அனைவரையும் உள்ளடக்கிய ‘பம்பர் டு பம்பர்’ காப்பு ஐந்தாண்டுக்குக் கட்டாயம் என்று ஆணையிட்டார். நடைமுறையில் அது சாத்தியமில்லை என்று கம்பெனிகள் முறையிட, செப்டம்பர் 13 அன்று அந்தப் பகுதியை அவரே திரும்பப் பெற்றார். நாடாளுமன்றம் செய்ய வேண்டியதை நீதிமன்றம் செய்ய முடியாது என்பது வாஸ்தவம்தான். ஆயினும் அவர் சுட்டிய குறை அப்படியே இருக்கிறது.

கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளையின் பயனாக, 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டுக்கும் காருக்கு மூன்றாண்டுக்கும் தேர்டு பார்ட்டிக் காப்பை மட்டும் முன்கூட்டியே வாங்க வேண்டியிருக்கிறது. 2022 ஜூனில் வந்த அட்டவணைப்படி 150-க்கு மேல் 350 சி.சி. வரையுள்ள வண்டிக்கு ஐந்தாண்டுக்கு 7,365 ரூபாய். அந்த ஐந்தாண்டு முடிவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. போலீசிடம் அகப்பட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ அல்லது இரண்டுமோ; அது சிறிய கஷ்டம். விபத்து நடந்த அன்றைக்குப் பாலிசி காலாவதியாகியிருந்தால், தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை உரிமையாளரே கட்ட வேண்டும். கட்டத் தவறினால், நிலவரிப் பாக்கியைப் போலக் கலெக்டர் மூலம் அதை வசூலிக்கச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு வழி செய்திருக்கிறது.