மாட்டுத் தீவனத்தில் எண்ணெய்: எவ்வளவு, எப்படி?

பேராவின் பழைய பால்மரத் தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. ஜெலாப்பாங், ஈப்போ வட்டாரத்தில் மாடு வளர்ப்போர் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கை அறிவார்கள். அதில் 14 முதல் 18 விழுக்காடு புரதம் உண்டு. இயந்திரத்தில் பிழிந்த புண்ணாக்கில் எண்ணெயும் கொஞ்சம் தங்கிவிடும். அந்த எண்ணெய் மாட்டுக்கு நல்லதா?

விடை மாட்டின் முதல் வயிறான ருமெனில் இருக்கிறது. பெரிய பசுவுக்கு அது 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். சுமார் 39 பாகைச் சூட்டில், உயிர்வளி இல்லாமல், கோடானுகோடி நுண்ணுயிர்கள் அங்கே புல்லை நொதிக்க வைக்கின்றன. அப்போது உண்டாகும் அமிலங்களே பசுவின் பெரும்பங்குச் சக்தி. மிஞ்சும் ஹைட்ரஜனைச் சில நுண்ணுயிர்கள் மீத்தேனாக்க, அது ஏப்பமாக வெளியேறி வீணாகிறது.

எண்ணெய் அங்கே நொதிப்பதில்லை. கொழுப்பு அமிலங்களாக உடைகிறது. அவற்றில் நிறைவுறாதவை நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்களுக்கு நஞ்சு. ஆகவே நுண்ணுயிர்கள் அவற்றில் ஹைட்ரஜனை ஏற்றி நிறைவுற்ற கொழுப்பாக மாற்றிவிடுகின்றன. பசும்புல்லையே மேய்ந்தாலும் மாட்டுக் கொழுப்பு கட்டியாக உறைவது இதனால்தான்.

செம்பனைக் கொட்டை எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். இது புரோட்டோசோவாக்களையும் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களையும் அடக்குகிறது. மீத்தேன் குறைவது நன்மை. ஆனால் அளவு மீறினால் நார்ச் செரிமானமும் சேர்ந்து குறையும். மாடு தீவனத்தை மிச்சம் வைக்கும், சாணம் இளகும், பாலில் கொழுப்பு இறங்கும்.

மொத்தக் கொழுப்பு, உலர் தீவனத்தில் 6 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது. நாளொன்றுக்கு 10 கிலோ உலர் தீவனம் தின்னும் பசுவுக்கு அது 600 கிராம். புல்லிலேயே 200 கிராமுக்கு மேல் வந்துவிடலாம். 8 விழுக்காடு எண்ணெயுள்ள புண்ணாக்கு 3 கிலோ வைத்தால் இன்னும் 240 கிராம். அதற்குமேல் எண்ணெய் ஊற்றக் கொஞ்ச இடமே மிஞ்சும்.

வயிறு உப்பிய மாட்டுக்கு எண்ணெய் புகட்டுவது நுரையை உடைக்க. அது அவசர மருந்து, அன்றாடத் தீவனமாகாது.

கறவைக்குக் கூடுதல் சக்தி வேண்டுமானால் வேறு வழியுண்டு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஆய்வாளர்கள் பாம்குவிஸ்டும் ஜென்கின்ஸும் கொழுப்பு அமிலத்தைச் சுண்ணாம்புச் சத்தோடு பிணைத்து ஊட்டிப் பார்த்தார்கள். அந்தப் பிணைப்பு ருமெனில் பெரும்பாலும் உடையாது. புளிப்பு மிகுந்த நான்காம் வயிற்றில்தான் பிரியும். இன்று அதைச் செம்பனைக் கொழுப்பிலிருந்தே செய்கிறார்கள்.

எதைச் சேர்த்தாலும் இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். புண்ணாக்கில் உள்ள எண்ணெயையும் கணக்கில் சேருங்கள். சாணத்தில் செரிக்காத புல் தெரிந்தால் உடனே குறையுங்கள். நுண்ணுயிர் வாழ்ந்தால்தான் மாடு வாழும்.